நெஞ்சு வலிக்கத் தகுதியில்லாதவர்

எங்கள் மண்டலத்தில் இதய நோய் அதிகம். எவ்வளவு அதிகம் என்று பார்ப்பதற்காக ஒரு பெரிய கட்டடம் கட்டினார்கள். வாசலில் ஏகப்பட்ட படிகள். ஏறி முடிப்பதற்குள் யாருக்கு நோய் இருக்கிறது என்று தானாகவே தெரிந்துவிடும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு என்று சிலர் சொன்னார்கள். அது வீண்பழி. கட்டடம் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் படிகள் வைத்தார்கள். நோயாளிகளைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

மண்டல இதய நல நிலையம் என்று பெயர். கீழ்த்தளத்தில் சிகிச்சை, மேல்தளத்தில் ஆய்வு. இதயத்துக்கென்று மற்ற ஊர்களில் இருந்த வார்டுகளை எல்லாம் மூடி, கருவிகளையும் டாக்டர்களையும் இங்கேயே கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். அதனால் நெஞ்சு வலிக்கிறவர்கள் இங்கேதான் வந்தாக வேண்டும். வலிக்காதவர்களில் சிலரையும் வரவழைத்தார்கள். அவர்களுக்கு முன்மாதிரிக் குழு என்று பெயர். புகை கூடாது, மது கூடாது, உப்பு அளவாக, எண்ணெய் பேருக்கு, காலையில் நடை, எப்போதும் கோபமில்லாத மனம். இப்படி வாழ்கிறவர்களுக்கு இதய நோய் எத்தனை சதவீதம் குறைகிறது என்று பார்த்து உலகத்துக்குச் சொல்வது நிலையத்தின் திட்டம்.

திட்டம் நல்லதுதான். குழுவில் இருந்தவர்களுக்கும் அவ்வப்போது நோய் வந்ததுதான் சிக்கல்.

முதலில் ஒரு முடிதிருத்துபவருக்கு வந்தது. நிலையம் பதறிப்போய் விசாரித்தது. அவர் புகைத்ததில்லை, ஆனால் அவருடைய கடைக்கு வருகிறவர்கள் புகைத்திருக்கிறார்கள். விதிமீறல் என்று குழுவிலிருந்து நீக்கினார்கள். அடுத்து ஒரு ஆசிரியை. மகளின் பரீட்சை முடிவுக்காகக் கவலைப்பட்டிருக்கிறார். நீக்கம். ஒருவர் காலை நடையிலேயே விழுந்து இறந்துபோனார். வழியில் தெரிந்தவரைப் பார்த்து நின்று பேசியிருக்கிறார், நடை தடைப்பட்டிருக்கிறது. அவரை முந்தின நாள் தேதியிட்டு நீக்கினார்கள். நோய் வந்தவுடன் குற்றம் கண்டுபிடித்து நீக்கிவிடுவதால், குழுவில் நோய் விகிதம் எப்போதும் பூஜ்யமாகவே இருந்தது. வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்து வியந்துவிட்டுப் போனார்கள்.

கடைசியில் குழுவில் ஒரே ஒருவர் மிஞ்சினார்.

அவர் ரயில் நிலையத்தில் தொலைந்த பொருட்கள் கவுண்டரில் வேலை பார்ப்பவர். ரயிலில் விட்டுப்போன குடை, பெட்டி, ஒற்றைச் செருப்பு, பல்செட்டு எல்லாம் அவரிடம்தான் வந்து சேரும். தொலைத்தவர்கள் என்னவோ இவர்தான் திருடி வைத்திருப்பது போலக் கத்திக்கொண்டு வருவார்கள். இவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல மாட்டார். "என்ன நிறம் சார்?" என்று கேட்டுவிட்டு, மாடிக் கிடங்குக்கு ஏறிப்போய்த் தேடி எடுத்து வருவார். ஸ்டேஷனில் அவரைச் சாந்தம் என்றுதான் கூப்பிடுவார்கள். நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கலாம்.

"உங்களுக்குக் கோபமே வராதா?" என்று யாராவது கேட்டால், "எல்லாரும் கோபமாத்தான் வர்றாங்க. நானும் கோபப்பட்டா குடையை யார் தேடுறது?" என்பார்.

அவருடைய படம் ஊரெல்லாம் ஒட்டப்பட்டது. பேருந்து நிறுத்தத்தில், பள்ளிச் சுவரில், மருந்துக் கடை வாசலில். ஒல்லியான ஒரு மனிதர் கையில் ஆப்பிளோடு, யாரோ சிரிக்கச் சொன்னதால் சிரித்துக்கொண்டிருப்பார். கீழே 'இவரைப் போல் இருங்கள்' என்று போட்டிருக்கும்.

இப்படிப்பட்டவருக்குத்தான் ஒருநாள் கிடங்குப் படியில் பெட்டியோடு ஏறும்போது நெஞ்சை அடைத்தது. நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்த மாதிரி ஒரு கனம், இடது தோளிலிருந்து முழங்கை வரைக்கும் இழுப்பு. நின்றார். போய்விட்டது. மறுபடி வந்தது. வீட்டில் சொல்லவில்லை. ஆனால் அவருடைய மனைவி பள்ளிச் சீருடை தைப்பவர். ஓடுகிற மெஷினில் எது சரியில்லை என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். புருஷன் மூச்சு வாங்குவதையா கண்டுபிடிக்க மாட்டார்?

"என்னங்க, மாடிப்படி திருப்பத்துல எதுக்கு நிக்கிறீங்க?"

"சும்மா, வெளிய வேடிக்கை பாத்தேன்."

"அங்க ஜன்னலே இல்ல. கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு."

நிலையத்தில் பணியிலிருந்த டாக்டர் இளம்பெண். சாந்தம் சொன்னதை எல்லாம் கவனமாகக் கேட்டார். நாடி பார்த்தார். முகம் மாறியது. கம்ப்யூட்டரில் அவருடைய எண்ணைத் தட்டினார். 'முன்மாதிரி. நோயில்லை' என்று திரையில் பச்சையாக வந்தது. மறுபடி தட்டினார். மறுபடி பச்சை.

"சார், நீங்க சொல்றதைப் பாத்தா அடைப்பு மாதிரிதான் இருக்கு," என்றார் குரலைத் தாழ்த்தி. "ஆனா உங்களுக்கு இருக்க முடியாதே. ஈசிஜி எடுக்கணும்னாகூட மிஷின் உங்க நம்பரை வாங்காது."

"நம்பரா படுக்கப்போகுது? மனுஷன்தானே படுக்கப்போறாரு?" என்றார் மனைவி.

"எனக்குப் புரியுதும்மா. எடுத்தா என் வேலை போயிடும். மேல போய் இயக்குநரைப் பாருங்க. அவர் ஒரு வார்த்தை சொன்னா போதும்."

லிஃப்ட் நோயாளிகளுக்கு மட்டும். சாந்தம் நோயாளி இல்லை என்று லிஃப்ட்காரர் மிகுந்த மரியாதையோடு சொன்னார். அவருக்கும் அந்தப் படம் நன்றாகத் தெரியும். எனவே படியேறினார்கள். நாலைந்து இடத்தில் நின்று நின்று போய்ச் சேர்ந்தபோது சாந்தத்தின் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

இயக்குநர் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பாத்தீங்களா, என்ன வேர்வை! லிஃப்டுக்கு நிக்காம படியேறி வந்திருக்கீங்க. இதான் முன்மாதிரி."

"சார், எனக்கு நெஞ்சு வலிக்குது."

இயக்குநர் கதவைச் சாத்தினார். பிறகு ஒரு குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற பொறுமையோடு பேசினார்.

"உக்காருங்க. குழுவுல இப்ப எத்தனை பேரு? நீங்க ஒருத்தர். நோய் எத்தனை பேருக்கு? யாருக்கும் இல்ல. பூஜ்யம் சதவீதம். உலகத்துல எங்கயும் இல்லாத சாதனை. இப்ப உங்களுக்கு நோய்னு நான் எழுதினா என்ன ஆகும்? ஒருத்தர்ல ஒருத்தர். நூறு சதவீதம். உப்பைக் குறைச்சவங்க, நடந்தவங்க, புகைக்காதவங்க, அத்தனை பேருக்கும் மாரடைப்புன்னு ஆயிடும். நாளைக்கே ஜனங்க சிகரெட்டைப் பத்த வச்சுட்டு நடக்கிறதை நிறுத்திடுவாங்க. எத்தனை உசுரு போகும்? நீங்க இப்ப ஒரு ஆள் இல்ல சார். நீங்க ஒரு மண்டலம். மண்டலத்துக்கு நெஞ்சு வலிக்கலாமா?"

சாந்தம் யோசித்தார். அவருக்கே ஒரு கணம் தான் செய்வது தப்போ என்று தோன்றிவிட்டது. எதிரில் இருப்பவர் பக்கமும் நியாயம் இருக்கும் என்று நினைத்தே பழகியவர்.

"அப்போ இவரைக் குழுவுலருந்து எடுத்துடுங்க," என்றார் மனைவி.

"விருப்பப்பட்டு விலக விதியில இடமில்லம்மா. விதி மீறினாத்தான் நீக்க முடியும். இவர் மீற மாட்டாரே." இயக்குநரின் குரலில் உண்மையான பெருமை இருந்தது. "வாயுவா இருக்கும். வெந்நீர் குடிங்க. அடுத்த வாரம் ஆண்டு விழா, மேடையில உங்களுக்குத்தான் பாராட்டு. வந்துடுங்க."

வீட்டுக்கு வந்ததும் மனைவி முதல் வேலையாகத் தெருமுனைக்குப் போய் ஒரு சிகரெட் வாங்கி வந்தார். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்த்ததை அவர் பொருட்படுத்தவில்லை. சாந்தம் அதைப் பற்றவைத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் கண்ணில் நீர் வழிய இருமிக்கொண்டிருக்கும்போது, உப்பு டப்பாவைச் சோதிக்க வாராவாரம் வருகிற கள அலுவலர் அம்மா உள்ளே வந்தார். தம்பதிகள் இருவரும் முகம் மலர்ந்து அவரை வரவேற்றார்கள்.

"பாத்துட்டீங்கல்ல? எழுதிக்குங்க," என்றார் மனைவி.

கள அலுவலர் அம்மா நாற்காலியில் சாய்ந்தார். வெயிலில் வீடு வீடாக அலைகிற பெண்மணி. இந்த வீட்டில் மட்டும்தான் தண்ணீர் கேட்காமலே கிடைக்கும் என்பதால் அவருக்கு இவர்கள் மேல் ஒரு பிரியம்.

"ஒரு சிகரெட் செல்லாதும்மா. பழக்கம்னு காட்டணும். அதுக்கு வருஷக்கணக்குல குடிக்கணும். குடியும் அப்படித்தான். உப்பு, எண்ணெய் எல்லாமே பழக்கமா ஆனாத்தான் மீறல்."

"முடிதிருத்துறவருக்கு அப்படிப் பாக்கலையே?"

"அது அவங்களா நீக்கணும்னு நெனைச்சது. இவரை வச்சுக்கணும்னுல்ல நெனைக்கிறாங்க." அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார். "ஒண்ணே ஒண்ணுக்குத்தான் பழக்கம் கேக்க மாட்டாங்க. அதிகாரிகிட்ட கோபப்பட்டா, அந்த இடத்துலயே நீக்கம். முன்னாடி ஒருத்தர் ரத்தம் டெஸ்டுக்குக் குடுக்கக் காலைலருந்து பட்டினியா உக்காந்திருந்து, சாயங்காலம் எழுந்து சத்தம் போட்டுட்டாரு. இயக்குநர் அன்னைக்கே அந்த விதியைப் போட்டுட்டாரு. மத்த விதியெல்லாம் மருத்துவ விதி. இது மட்டும் அவர் விதி. அதனால இது மட்டும் ஒழுங்கா நடக்குது."

மனைவி கணவரைப் பார்த்தார். கணவர் தரையைப் பார்த்தார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் கோபப் பயிற்சி நடந்தது. பயிற்சி கொடுக்க மனைவியைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார். அவருக்குக் கோபம் மூக்கு நுனியில். செருப்பை ஒளித்து வைத்தார். சாதத்தைக் குழைய விட்டார். சாந்தம் வெறுங்காலோடு குழைந்த சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

"உங்க அக்காவைப் பத்தி நான் மனசுல வச்சிருக்கிறதை எல்லாம் சொல்லட்டுமா?" என்றார் மனைவி ஒருநாள். சொன்னார். கல்யாணம் ஆன நாளிலிருந்து தொடங்கி ஒன்று விடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே ஆத்திரம் தாங்காமல் தண்ணீர் குடிக்க வேண்டியதாகிவிட்டது.

சாந்தம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ சொல்றதுலயும் நியாயம் இருக்கு," என்றார்.

"கடவுளே. உங்களுக்கு உசுரு வேணுமா வேண்டாமா?"

"வேணும்தான். கோபம் வர மாட்டேங்குதே, நான் என்ன பண்றது?"

ஒரு தடவை முயற்சியும் செய்தார்கள். மறுபடி அத்தனை படியும் ஏறிப்போய், மனைவி பின்னாலிருந்து இடித்துக்கொண்டே இருக்க, சாந்தம் இயக்குநர் முன்னால் நின்று, "சார், நான் ரொம்பக் கோபமா இருக்கேன்," என்றார். இயக்குநர் பக்கத்திலிருந்த உதவியாளரிடம், "கோபத்தைக்கூட எவ்வளவு நிதானமா சொல்றாரு பாத்தீங்களா? இதை ஒரு வீடியோ எடுத்துப் போடுங்க," என்றார். சாந்தம் வீடியோவுக்கு இன்னொரு முறை சொன்னார். கேட்டால் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனிதர்.

இறங்கி வரும்போது படியில் உட்கார்ந்துவிட்டார். உதடு வெளுத்திருந்தது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் அவருடைய நெற்றியைத் துடைத்தார். அன்றைக்கு அவர் திட்டவில்லை.

ஆண்டு விழா நிலையத்தின் பெரிய அரங்கில் நடந்தது. முதல் நான்கு வரிசையும் இதய டாக்டர்கள். மண்டலத்தில் இதயம் தெரிந்த அத்தனை பேரும் அன்றைக்கு அந்த ஒரே அறையில் இருந்தார்கள். நெஞ்சு வலிப்பதற்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் உலகத்தில் இல்லை. மேடைக்குப் படியேறும்போது சாந்தத்துக்கு வலித்தது. இந்தத் தடவை விட்டுப் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கைப்பிடியை இறுக்கிக்கொண்டார். எதிரே மேஜையில் அவருக்குத் தரப்போகிற பரிசு, ஒரு பெரிய கண்ணாடி இதயம், பளபளத்துக்கொண்டிருந்தது.

இயக்குநர் பேசினார்.

"நாங்க பொறுப்பு எடுக்கிறப்போ இந்த மண்டலத்துல இதய நோயாளிகள் அதிகம். இப்பவும் அதிகம். அதை நான் மறைக்கலை. ஆனா அவங்க எல்லாரும் யாரு? விதியை மீறினவங்க. நோய் வந்ததே அதுக்குச் சாட்சி. இதோ, மீறாத ஒருத்தர். இவருக்கு நோய் வந்ததா? வரலை. வர விட மாட்டோம். நாளைக்கு இவர் காலமானாலும் சரி, ஆரோக்கியமாத்தான் காலமாவாருன்னு இந்த மேடையில உறுதி சொல்றேன்."

கைதட்டினார்கள். சாந்தம் முன்னால் சாய்ந்தார். அவர் வணங்குவதாக நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். முதல் வரிசையில் இளம் டாக்டர் மட்டும் தட்டவில்லை. பாதி எழுந்து நின்று, மேலதிகாரியைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

பின்வரிசையிலிருந்து மனைவி ஓடி வந்தார். தடுத்தவரை விலக்கிவிட்டு மேடையேறிவிட்டார். கணவரின் முகத்தைப் பார்த்தார். பிறகு, வாழ்க்கையில் எந்தக் கடைக்காரரிடமும் எந்த மேனேஜரிடமும் குரல் தாழ்த்தாத அந்தப் பெண், இயக்குநரின் முன்னால் போய் நின்றார்.

"ஐயா, கெஞ்சிக் கேக்குறேன். சாவுற மாதிரி இருக்காரு. நீங்க என்ன சொன்னாலும் கேக்குறோம். ஒருத்தரை வந்து பாக்கச் சொல்லுங்க." கண்ணீர் தாரையாக வழிந்தது.

இயக்குநர் மைக்கில் சொன்னார்: "இவருடைய மனைவி. பெருமையில அழறாங்க. அம்மா, கண்ணைத் துடைச்சுக்கிட்டு இப்படித் திரும்பி நின்னு சிரிங்க. படம் எடுக்கணும்."

மனைவி சிரிக்க முயன்றார். சிரித்தால் ஆள் அனுப்புவார்களோ என்று நினைத்திருக்க வேண்டும்.

அதைச் சாந்தம் பார்த்தார்.

"யோவ்."

யார் குரல் என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. அவர் பிறந்ததிலிருந்து ஒருவரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"யோவ், உன்னைத்தான். அவ அழுதுட்டு நிக்கிறா, படத்துக்குச் சிரிக்கச் சொல்றியா? இத்தனை வருஷமா கவுண்டருக்குப் பின்னாடி உக்காந்து ஊர்ல உள்ளவன் கோபத்தை எல்லாம் வாங்கிட்டிருந்தேன். ஓட்டைக் குடையைத் தொலைச்சவன் வந்து கத்துவான். அவன் குடை, அவன் கத்துறான்னு போய்த் தேடி எடுத்துட்டு வருவேன். இன்னைக்கு நான் இந்தப் பக்கம் நிக்கிறேன். இது என் நெஞ்சுய்யா. என் பொருள். வலிக்குதா இல்லையான்னு நான் சொல்லணும். வலிக்கலன்னு சொல்ல நீ யாருய்யா?"

கையை ஓங்கி மேஜையில் அறைந்தார். கண்ணாடி இதயம் உருண்டு, இயக்குநரின் காலடியில் போய் விழுந்தது. உடையவில்லை. அது பிளாஸ்டிக் என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

இயக்குநரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மண்டலம், சதவீதம், உலக சாதனை எல்லாம் அவருக்கு மறந்துபோயிற்று. தன்னை ஒருவன் யோவ் என்று கூப்பிட்டது மட்டும்தான் நினைவில் இருந்தது.

"அதிகாரிகிட்ட கோபம். நீக்குங்க இவரை. இப்பவே நீக்குங்க," என்று அதே மைக்கில் கத்தினார்.

"நீக்கியாச்சு சார்," என்றார் கள அலுவலர் அம்மா. மேடையின் ஓரத்தில் கைப்பேசியைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றிருந்தார். எப்போதிலிருந்து நின்றிருந்தார் என்று தெரியாது.

அப்புறம் நடந்ததை நானே பார்த்தேன். நாலு வரிசை டாக்டர்களும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். பாதிப் பேர் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார்கள். எல்லோருக்கும் முன்னால் அந்த இளம் டாக்டர் மேடையில் ஏறி, கீழே சரிந்த மனிதரின் தலையைத் தாங்கிக்கொண்டார்.

"சார், இப்ப நெஞ்சு வலிக்குதா?"

"வலிக்குதும்மா," என்றார் சாந்தம். "நீங்க கேக்கணும்னுதான் காத்துட்டிருந்தேன்."

லிஃப்டில் கொண்டுபோனார்கள். லிஃப்ட்காரர் வழியெல்லாம் அவருடைய கால்களைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

பிழைத்துக்கொண்டார். இரண்டு குழாய் அடைத்திருந்ததாம், திறந்துவிட்டார்கள். வார்டுக்கு மாற்றிய பிறகு இயக்குநர் பார்க்க வந்தார். கையில் பழம். மனிதர் ஒரு வழியாகச் சமாதானமாகியிருந்தார், ஏனென்றால் ஆய்வு முடிவு எழுதியாகிவிட்டது.

"விதிகளைக் கடைப்பிடிக்கிறவங்கள்ல நோய் யாருக்கும் இல்லைன்னு எழுதிட்டோம். கடைப்பிடிக்கிறவங்களும் இப்ப யாரும் இல்ல, அதனால கணக்கு உதைக்காது. உங்களுக்கு நோய் வந்த காரணம் கோபம்."

"வலி வந்து எவ்வளவோ நாளாச்சு சார். கோபம் அன்னைக்குத்தானே வந்துச்சு?"

"எது முன்ன, எது பின்னங்கிறதை எல்லாம் இந்த ஆய்வு பாக்கறதில்ல." இயக்குநர் பழத்தை வைத்துவிட்டுக் கனிவோடு குனிந்தார். "மாத்திரையை விடாதீங்க. உப்பைக் குறைங்க. முக்கியமா, அந்தக் கோபத்தை அடியோட விட்டுடணும்."

சாந்தம் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மாத்திரை சாப்பிடுறேன். உப்பைக் குறைச்சுக்கிறேன். நடக்கச் சொல்ற அளவுக்கு நடக்கிறேன். கோபத்தை மட்டும் கேக்காதய்யா. உன் ஆஸ்பத்திரியில எனக்குக் கதவைத் திறந்துவிட்டது அது ஒண்ணுதான். இனிமே இந்தப் பக்கம் எவனாவது வலிக்குதுன்னு வந்து நின்னு, நீ அவனை வெந்நீர் குடிக்கச் சொன்னேன்னு என் காதுல விழுந்துச்சு, அத்தனை படியும் ஏறி வருவேன்."

குரல் வார்டின் கடைசிக் கட்டில் வரைக்கும் கேட்டது. படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"ஏங்க, மெதுவா பேசுங்க," என்றார் மனைவி. கல்யாணம் ஆன நாளிலிருந்து அதை அவரிடம் சொல்ல வேண்டிய அவசியம் வந்ததே இல்லை.

அவர் மெதுவாகப் பேசவில்லை.